முதுகு, மடுல்சீமை

பதுளை
20.08.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்டூடியோ மாடியில் குழாய் மட்டும் அடிக்கடி காய்ந்துவிடுகிறது. உன் தோள் வலி எப்படி? கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நீ போடுகிறாயா, இல்லை பாதியை மச்சானின் முழங்காலுக்குத் தானம் செய்துவிட்டாயா?

போனில் பேச வழியில்லாததால் எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் மச்சானின் சட்டைப்பையில். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துச் சுவருக்கோ பக்கத்துக் காம்பராவில் தும்மினாலும் கேட்கும். நீ சொன்னபடி ஷிஹானாவின் தையல் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். ரவிக்கை வாங்கப் போகிறவள் மாதிரி போய் எடுத்துக்கொள்.

உன்னை எடுத்த படம் பெரிதாக அச்சாகி வந்துவிட்டது. அக்கா, கல்யாணமும், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடும், பாஸ்போர்ட் படமும் எடுத்தே என் கை மரத்துப்போய்விட்டது. அந்தப் படங்களில் எல்லோரும் ஒரே மாதிரி. முகத்தில் பவுடர் மா, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் தனியாகச் சேர்த்துவரும் படங்களில் அது கிடையாது. ஆடை இல்லை, அலங்காரம் இல்லை, உடம்பு உள்ளபடி. ஓய்வுபெற்ற ஆபீஸ் கிளாக்கர் குமாரசிங்கம் ஐயா நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்போடு உட்கார்ந்தார். பஸ் கண்டக்டர் ஸமீம் போலியோவில் சூம்பிய காலோடு வந்தார். கமலாம்பிகை டீச்சர், பிள்ளை பெற்று மடிந்த வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். எல்லோரும் விரும்பி வந்தவர்கள். ஒரு உடம்பு இன்னொரு உடம்பு மாதிரி இல்லை, எதுவும் வெட்கப்படும்படியும் இல்லை. அதைக் காட்டத்தான் இவ்வளவு பாடு.

கொழும்பில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கக் கேட்டிருக்கிறார்கள். உன் படத்தில் முதுகு மட்டும்தான். தலையைக் குனிந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாய். முகம் இருக்காது, பெயர் இருக்காது, ஊர் இருக்காது. அன்றைக்குச் சரி என்றாய். இருந்தாலும் மறுபடி கேட்கிறேன். மனதில் சின்ன உறுத்தல் இருந்தாலும் சொல், படம் சுவரில் ஏறாது.

மலையில் நனைந்துகொண்டே நிற்காதே.

உன் தங்கச்சி
லக்ஷனா


மடுல்சீமை
05.09.2023

செல்லத் தங்கச்சி லக்ஷிக்கு அக்கா எழுதுவது.

தோள் வலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. மாத்திரையை நானேதான் விழுங்குகிறேன். கமிட்டிக் கூட்டத்துக்கு உன் மச்சான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அந்த முழங்காலுக்கு மருந்து வேண்டியதில்லை. தோட்டத்து யூனியன் தலைவர் வேலையோடு இப்போது கோயில் கமிட்டியும் அவர் கையில். யார் கூரைக்குத் தகரம், யாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற லொறி, எல்லாம் அவர் வாய்ச்சொல். சிவஞானம் அண்ணே, சிவஞானம் அண்ணே என்று வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். தேத்தண்ணி ஊற்றியே நான் ஓய்ந்துபோகிறேன்.

சேலையைக் கழற்றச் சொன்னதும் உன்னை நான் திட்டிய திட்டு ஞாபகம் இருக்கிறதா? பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்றேன். நீ கேமராவை மேசையில் வைத்துவிட்டாய். அதனால்தான் சம்மதித்தேன், நீ கெஞ்சியிருந்தால் பஸ் ஏறியிருப்பேன். முதலில் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் குளிரும் தெரியவில்லை. இந்த முதுகைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதில் இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் பார்த்தார்கள். நீ சும்மா பார்த்தாய். எனக்கு அழுகை வந்தது. முகம் அந்தப் பக்கம் இருந்ததால் உனக்குத் தெரியவில்லை. நல்ல அழுகைதான், பயப்படாதே.

பக்கத்துக் காம்பராத் தெய்வானையிடம்கூட மூச்சு விடவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியதும் நெஞ்சுக்கு மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டு, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் நிற்போம். என் முதுகை அவள் தேய்ப்பாள், அவள் முதுகை நான் தேய்ப்பேன். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான். அவளுக்குப் பிள்ளையில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. புருஷன் கந்தப்பன் குடித்தால் ஒரு ஆள், குடிக்காவிட்டால் ஒரு ஆள். அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

படத்தைப் போடு. முதுகை நீ எடுத்துக்கொள். முகத்தை விட்டுவிடு, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பேக்கரிப் பாணையே தின்று உயிர் வாழாதே.

அக்கா
பூவம்மா


பதுளை
22.10.2023

என் அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் தரையில் கால் படாமல் நடக்கிறேன்.

கண்காட்சி நடக்கிறது. நான் கற்பனையில்கூட நினைக்காத கூட்டம். சிரிப்பார்கள், முகம் சுளிப்பார்கள் என்று பயந்துகொண்டு மூலையில் நின்றேன். சிலர் சுளிக்கத்தான் செய்தார்கள். ஆனால் உன் படத்தின் முன்னால் ஒரு வயதானவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். ஒரு பெண் என்னிடம் வந்து, உச்சந்தலையில் முடியைப் பிரித்துக்கொண்டு பள்ளம் மாதிரி ஓடுகிறதே, அது என்ன நோய் என்று கேட்டாள். நோய் இல்லை, கொழுந்துக் கூடையின் கயிறு என்றேன். அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அது போதும், அக்கா. இதற்கு மேல் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் போதும்.

நிறையப் பேர் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். மண்டபத்தின் இணையப் பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். என் சொந்தப் பெயரை நான் போடவில்லை, வேறொரு பெயர் வைத்துக்கொண்டேன். ஸ்டூடியோ முதலாளி மதுசூதனன் அண்ணாவுக்குத் தெரிந்தால், கல்யாணக்காரர்கள் வரமாட்டார்கள் என்று என்னை நிறுத்திவிடுவார்.

தீபாவளிக்கு உனக்கு ஊதாச் சேலை அனுப்புகிறேன். பத்திரப்படுத்தி வைக்காமல் கட்டு.

அன்புடன்
லக்ஷனா


மடுல்சீமை
19.11.2023

லக்ஷி,

சேலை வந்தது. கட்டவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

படம் லயத்துக்கு வந்துவிட்டது. கொழும்பு ஹோட்டலில் வேலை செய்கிற விஜேந்திரன் தீபாவளிக்கு வந்தபோது போனில் கொண்டுவந்தான். "பாருங்கக்கா, நம்ம ஊருப் பொம்பள ஒருத்தி துணியில்லாம ஒக்காந்திருக்கா" என்று பீலியடிக்கே வந்து காட்டினான். கீழே இங்கிலீசில் மடுல்சீமை என்று எழுதியிருக்கிறதாம். ஊர் இருக்காது என்று நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் பேரை மறைத்தாய், என் ஊரை மறைக்கவில்லை.

போன் ஈரக் கையோடு ஒவ்வொருத்தியிடமும் போனது. படத்தைப் பார்த்தார்கள், பிறகு தலையைத் தூக்கி நின்றவர்களைப் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். அப்போது பூசாரி பெண்டாட்டி சொன்னாள்: "இது தெய்வானதான்." இன்னொருத்தி, "ஆமா, அவளேதான். போன ஆடியில பதுளையில போயித் தங்கினால்ல" என்றாள். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆடியில் தெய்வானை போனது ஆஸ்பத்திரி வார்டில் சாகக் கிடந்த அவள் அம்மாவைப் பார்க்க.

"நா இல்லடி! எவ சொன்னது? கொண்டா இங்க" என்று தெய்வானை போனைப் பிடுங்கினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் அங்கேதான் நின்றேன்.

கூடைக் கயிறு எல்லோர் தலையிலும்தான் பள்ளம் போட்டிருக்கிறது. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு எல்லோர் இடுப்பையும்தான் கறுப்பாக்கி வைத்திருக்கிறது. எல்லா முதுகும் ஒன்று மாதிரி ஆகிவிட்டது. அதனால் மாறிப்போயிருக்கும்.

பூவம்மா


பதுளை
27.11.2023

அக்கா,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எனக்கு இரண்டும் இல்லை.

ஊர்ப் பெயரை நான்தான் கொடுத்தேன். வெறும் முதுகு என்று எழுதினால் படம் அந்தரத்தில் நிற்கும், ஒரு இடம் வேண்டும் என்று மண்டபத்தில் சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. 'முதுகு, மடுல்சீமை' என்று அச்சில் பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது. மடுல்சீமையில் எத்தனை தோட்டம், எத்தனை ஆயிரம் பெண்கள், முகம் இல்லாமல் யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். சின்ன வயதிலேயே ஹொஸ்டலுக்குப் போய்விட்டேன் அல்லவா, நான் வாளியில் குளித்து வளர்ந்தவள். பீலியில் நிற்கிறவர்களுக்கு முதுகு பார்த்தே ஆள் தெரியும் என்பது என் புத்தியில் ஏறவேயில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

படத்தை இறக்கச் சொல்லி எழுதிவிட்டேன். இணையப் பக்கத்தில் எடுத்துவிட்டார்கள். கண்காட்சி முடியும்வரை சுவரில் இருக்கட்டும் என்கிறார்கள், அதற்கும் சண்டை போடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. எல்லோரும் தெய்வானை அக்கா என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய்? அதை நீ எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். நானே சொல்லிவிடுகிறேன்.

லக்ஷனா


மடுல்சீமை
14.12.2023

வராதே. அதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். நீ நல்லபடி இருந்தால் சரி.

கேமராவும் கையுமாக உன்னைப் பார்த்த மறு நிமிஷம், இவள் யாருக்குத் தங்கச்சி என்று கேட்பார்கள். வந்து தெய்வானையைக் காப்பாற்றுவாய், என்னைப் பாடையில் ஏற்றுவாய்.

கோயிலில் தெய்வானையின் தேங்காய்த் தட்டை வாங்கவில்லை. வாங்கக்கூடாது என்று சொன்னது உன் மச்சான். கமிட்டி கூடி, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எம் பொண்டாட்டியா இருந்தா அங்கேயே வெட்டிப் போட்டிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார், தாகத்துக்குத் தண்ணி கேட்கிற மாதிரி. நான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கந்தப்பன் அடிக்கிறான். குடிக்காத நாளிலும் அடிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். நீ கேட்டாயே, என்ன சொன்னாய் என்று. அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது லக்ஷி. இவ்வளவு ஆசை இருப்பது எனக்கே தெரியாது.

பீலிக்குத் தெய்வானை வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நானும் நேரம் மாற்றிப் போகிறேன்.

அக்கா


பதுளை
11.01.2024

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. ஷிஹானாவின் கடைக்குப் போன் போட்டேன், நீ அந்தப் பக்கமே வருவதில்லை என்றாள். உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுது.

பாதி இரவு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். படம் எடுத்த ஆள் என்று வேறு பெயரில் உங்கள் கமிட்டிக்கு ஒரு கடிதம் போடுகிறேன். படத்தில் இருப்பது வேறு தோட்டத்துப் பெண், ஊர்ப் பெயர் தவறாக அச்சாகிவிட்டது, தெய்வானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதினால்? உன்னையும் தொடாது, அவளையும் விட்டுவிடுவார்கள். பொய்தான். நல்ல பொய்.

நீ சரி என்றால்தான் அனுப்புவேன். இந்த முறையாவது உன்னைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

பொங்கலுக்கு மச்சான் உன்னோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

லக்ஷனா


மடுல்சீமை
04.02.2024

லக்ஷிக்கு,

பொங்கல் பொங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. நீ சளிக்குக் கொத்தமல்லி போட்டுக் குடி.

உன் நல்ல பொய்யை அனுப்பாதே, காலம் கடந்துவிட்டது. கந்தப்பன் அவளைக் காம்பராவை விட்டுத் துரத்திவிட்டான். பாழாய்க் கிடக்கிற பழைய பெரட்டுக் களத்துக் கொட்டகையில் இருக்கிறாள். வேலைக்கு மட்டும் வருகிறாள், பேர் வெட்டவில்லை. அவள் நிற்கிற நிரைக்குப் பக்கத்து நிரையில் யாரும் கொழுந்து பறிப்பதில்லை.

உன் மச்சான் பசறைக்கு மீட்டிங் போன அன்று சோறு கொண்டுபோனேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "தெய்வான, அந்தப் படத்துல இருக்கிறது" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் பூவு" என்றாள். "போனக் கையில வாங்கின ஒடனேயே தெரியும். எத்தன வருசம் தேய்ச்ச முதுகு. எனக்குத் தெரியாதா?"

"ஏன்டி சொல்லல?"

"சொல்லி? ஒம் புருசன் சொன்னதச் செய்யிற ஆளு. இந்தக் கந்தப்பன் அடிப்பான், அழுவான், தூங்கிருவான். எம்மேல விழுந்தது விழுந்துருச்சு, ஒன்னயும் எதுக்கு இழுக்கணும்?"

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. படம் எடுக்கிறப்போ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ எனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லு ஒந் தங்கச்சிகிட்ட. பட்ட அடிக்குப் படமாவது எனக்கு வேணும்ல. முகத்தோடயே எடுக்கச் சொல்லு. எம் முகத்துல எல்லாரும் துப்பியாச்சு, இனி மறைச்சு என்ன ஆகப் போகுது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பகிடிக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

அடுத்த மாதத்துக்குள் வருவாள். அந்த ஊதாச் சேலையைக் கொடுத்திருக்கிறேன். நல்லபடி பார்த்துக்கொள்.

பூவம்மா


பதுளை
02.03.2024

அக்கா,

காய்ச்சல் திரும்பவில்லையே? இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

தெய்வானை அக்கா வந்தார். மதுசூதனன் அண்ணா கடையைப் பூட்டிக்கொண்டு போனபின் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணி கொடுத்து, வேண்டாம் என்று தோன்றினால் இப்போதும் சொல்லலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள், சேலையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்க நிக்கணும்?" என்று கேட்டார்.

விலாவில் காய்ந்துபோன மஞ்சள் காயங்கள். தோள்பட்டை எலும்பு ஒன்று உடைந்து தப்பாகப் பொருந்தியிருக்கிறது. நான் கேமராவை இறக்கிவிட்டேன். "எடும்மா, அதுவும் நாந்தான்" என்றார். நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் படத்தில் சிரித்தார். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். யாருக்கும் காட்டமாட்டேன், அவருக்குத்தான் அது.

பிறகு திரும்பச் சொன்னேன். அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் முதுகின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பிறவி மச்சம் இருக்கிறது. உன் முதுகில் மச்சமே இல்லை. அவர் உடம்பு குச்சி, உனக்கு அகன்ற தோள். இருட்டில் பார்த்தாலும் மாறிப்போக வழியில்லை.

எல்லா முதுகும் ஒன்று மாதிரி, அதனால் மாறிப்போயிருக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த முதுகை இத்தனை வருஷம் தேய்த்தவள் நீ. அந்த மச்சம் உனக்குத் தெரியாதா?

லக்ஷனா


மடுல்சீமை
25.03.2024

லக்ஷி,

தெரியும்.

பீலியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். கந்தப்பனுக்கும் தெரியாமல் இருக்காது, ஊர் பேசியதற்குத்தான் அடித்தான். யாரும் மாறிப்போகவில்லை. அன்றைக்கு அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கியது. பூசாரி பெண்டாட்டி தெய்வானை பேரைச் சொன்ன நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சைத்தான் இத்தனை மாதமாக விட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு வேறு மாதிரி எழுதினேன், எனக்கும் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு தாங்கவில்லை. போன திங்கட்கிழமை காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன். "அந்தப் படத்துல இருக்கிறது தெய்வான இல்ல. நாந்தான்."

வெட்டுவார்கள், துப்புவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒருத்தியும் திரும்பவில்லை. படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவள் கட்டிக்கொண்டே இருந்தாள். கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். பூசாரி பெண்டாட்டி மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து, "தெரியும் பூவம்மா, அன்னைக்கே தெரியும். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. எங்க கூரைத் தகரம் ஒம் புருசன் கையில இருக்கு" என்றாள்.

தெய்வானை பின்னால் நின்றாள். அவளுக்கும் கேட்டது. அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. "சின்னப் போன் படத்துல இவளுக மாத்திப் பாத்துட்டாளுக, நான் ஒன்னயக் காப்பாத்துறேன்னு நெனச்சேன் பூவு" என்றாள். "இவளுக எல்லாரும் தெரிஞ்சேதான் என்னயக் குடுத்தாளுகளா?" நான் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்க விடவில்லை. கூடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனாள். பசறை பஸ்ஸில் ஏறினாளாம்.

ராத்திரி உன் மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "எனக்கு மட்டும் தெரியாதா? பாத்த ஒடனே தெரியும். தலைவர் பொண்டாட்டின்னு ஊர் பேசக்கூடாதுல்ல. நீ இன்னைக்கு ஒண்ணும் சொல்லல, சரியா?" அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

தெய்வானைக்கு உன்னைத் தவிரப் போக இடம் இல்லை. வந்தால் விடாதே. நான் சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே.

பூவம்மா


பதுளை
21.04.2024

அன்பு அக்கா,

இந்த வருஷப் பிறப்புக்கு வாழ்த்து எழுத மனம் வரவில்லை. நீ ஒரு பையை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. மாடியில் இடம் இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ பதில் போடாவிட்டாலும்.

தெய்வானை அக்கா என்னிடம் வரவில்லை. உன் கடிதம் வந்த அன்றே பஸ் நிலையத்தில் விசாரித்தேன். ஆஸ்பத்திரி வார்டுகளில் தேடினேன். அவர் அம்மாவின் சொந்தக்காரர்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அந்த வீட்டில் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "அந்தப் படக்காரியா? இங்க வரல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் போலீசுக்குப் போனேன். காணாமல் போனவருக்கு நீ என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டார் அங்கிருந்தவர். தெரிந்தவர் என்றேன். படம் ஒன்று கொண்டுவா, படம் இல்லாமல் எப்படித் தேடுவது என்றார். ஷிஹானாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தெய்வானை அக்காவின் துணிமணியோடு கல்யாணப் படத்தையும் சேர்த்துக் கந்தப்பன் எரித்துவிட்டானாம். லயத்தில் வேறு யாரிடமும் அவர் இருக்கிற படம் ஒன்றும் இல்லையாம், அல்லது கொடுக்க மனமில்லையாம்.

என்னிடம் இருப்பது நான் எடுத்தவை மட்டும்தான். சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வெட்டினேன். முதலில் இடுப்பில், பிறகு நெஞ்சில். தோள் வெறுமையாகத் தெரிந்தது. அந்த உடைந்த எலும்பும் தெரிந்தது. கழுத்தில் வெட்டினேன், நாடிக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. பாஸ்போர்ட் அளவில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போலீஸ்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், இவள் எதற்கு வீட்டை விட்டுப் போகிறாள்?" என்று கேட்டார்.

உன் தங்கச்சி
லக்ஷனா